புகை வரும் நேரம்

பள்ளிவாசலில் சாயங்கால அசர் பாங்கு ஓய்ந்ததும் மலாக்காவின் காஜா பேராங் சந்தில் ஒவ்வொரு வீடாக ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். கொடியில் கிடக்கும் துணிகளை அள்ளிக்கொண்டு பெண்கள் உள்ளே ஓடுவார்கள். சந்தின் கோடியில் விநாயகம் செட்டியாரின் புகைக்கூடத்தில் பெரிய கதவைத் திறக்கிற நேரம் அது. மூங்கில் கம்புகளில் நாள்கணக்காகத் தொங்கிப் பழுப்பேறிய கித்தா என்கிற ரப்பர் ஷீட்டுகளை வெளியே எடுத்தாக வேண்டும். கதவு திறந்தால் உள்ளே அடைபட்டுக் கிடந்த புகை சும்மா இருக்குமா? விறகின் கரிப்பும் கித்தாப் பாலின் புளிப்புமாக அது சந்துக்குள் இறங்கிவிடும். சாமி படம், சோற்றுப் பானை, குழந்தைகளின் தலைமயிர் என்று எதையும் விட்டுவைக்காது.

பூங்காவனம் மட்டும் அந்த நேரத்தில் ஜன்னலைத் திறப்பாள்.

புருஷன் போன துக்கத்தில் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். வீடுகளுக்கு மசாலாத் தூள் இடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவளுக்கு ஊர் வாயை அடைத்துக்கொண்டிருக்க நேரம் ஏது. உலக்கையைச் சுவரில் சாய்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, ஜன்னலின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டுத் தரையில் உட்காருவாள். புகை உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, பின்னறைப் பலகைச் சுவரின் இடுக்குகளில் நுழையும். கொஞ்ச நேரத்தில் பலகைக்கு அந்தப் பக்கம் புருஷன் பொன்னுதுரை இருமுவார்.

இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு நீளமான இருமல். கனமான பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கும் அந்த மூன்றாவது. பதினேழு வயதில் தோட்டத்திலிருந்து வந்து செட்டியாரிடம் சேர்ந்த பொன்னுதுரை, நெருப்பைக் கனியவிடாமலும் அணையவிடாமலும் ஈர மரத்தூளைப் போட்டுப் போட்டுப் புகையாகவே வைத்திருக்கும் வேலையைச் செத்துப்போகிற வருஷம்வரை செய்தார். கடைசி மாதங்களில் பின்னறையில்தான் படுத்துக் கிடந்தார். அதற்குக் கொல்லைப் பக்கம் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் சாக்கடையோரப் பாதை நேரே புகைக்கூடத்துக்குப் போகும். நடக்க முடியாத நாளில்கூட அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, புகைக்கூடத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அப்படிப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய இடத்தில் மகன் தியாகு வேலைக்குப் போனான். வேறு வழி இல்லை, அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏற்றிய மாதத்தில்தான் பொன்னுதுரை முதன்முதலாகத் திரும்பி வந்தார். ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாக இருந்த ஒரு சாயங்காலம். பூங்காவனம் தூள் சலித்துக்கொண்டிருந்தாள். புகை வந்தது. பலகைக்குப் பின்னால் இருமல் கேட்டது. சல்லடை கையிலிருந்து விழுந்தது. அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். போனவர் போனவராக இருக்க வேண்டியதுதானே, இப்போது எதற்கு வந்து நெஞ்சைப் பிடுங்குகிறார் என்று வாய்விட்டே திட்டினாள். திட்டிவிட்டு அழுதாள். இத்தனை மாதம் கழித்து ஏன் வந்தார் என்ற கேள்விக்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டாள். வழி கண்டுபிடிக்க நாளாகியிருக்கும்.

மறுநாள் பாங்கு சொல்வதற்கு முன்பே பின்னறை வாசற்படிக்கு உள்ளே பால் விடாத காப்பி ஓ ஒரு கிளாஸ் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் போய்ப் பார்த்தால் கிளாஸ் காலி. அன்றிலிருந்து தினமும் வைத்தாள். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. உயிரோடு இருந்தவரை பொன்னுதுரை காப்பியில் கடைசி வாயை மீதம் வைத்துவிடுவார், எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டார். இப்போது வண்டல்கூட மிஞ்சவில்லை. அங்கே பட்டினி போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த நாளிலிருந்து சர்க்கரையைக் கூடப் போட்டாள்.

அந்த நேரத்தில் அவள் பின்னறைக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. பார்த்தால் வராமல் போய்விடுவாரோ என்ற பயம். தியாகுவிடமும் சொல்லவில்லை. அவன் இருட்டுவதற்குள் வேலை முடிந்து முன்வாசல் வழியாக வருவான். குளித்து, தின்று, பேச்சில்லாமல் படுத்துவிடுவான். அவன் உடம்பு இளைத்து வருவது தெரிந்தது. இந்த வயதில் எல்லாப் பையன்களும் இளைக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

மார்கழியில் நகரசபை உறுப்பினர் ராஜரத்தினம் அவள் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். தேர்தலில் இந்தச் சந்தின் ஓட்டெல்லாம் அவருக்குத்தான் விழுந்தது. நாற்காலி இல்லாததால் உரல் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, தும்மிவிட்டு, ஆரம்பித்தார்.

"பொங்கல் கழிஞ்சதும் சபையில ஒரு தீர்மானம் வருதும்மா. புகை வரி. விறகு எரிச்சுப் புகை விடற கூடம், சூளை, எல்லாரும் எரிக்கிற விறகுக்குத் தகுந்த மாதிரி வரி கட்டணும். மலாக்காவுல இது ஜெயிச்சா கோலாலம்பூருக்கு எழுதிப் போடப் போறோம். கவர்மெண்டு நாடு பூரா கொண்டு வரணும்."

"என் அடுப்புக்கும் உண்டுங்களா சார்?"

"ஐயோ, இல்லம்மா. பெரிய ஆளுங்களுக்கு மட்டும்தான்."

"வரி கட்டிட்டா அவங்க புகை விடலாமா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார். "வரி வலிக்கணும்மா. வலிச்சாத்தான் ஒசரமா புகைபோக்கி கட்டுவாங்க, விறகைக் கொறைப்பாங்க. இப்ப புகை விடறதுக்கு அவங்களுக்கு ஒரு காசு செலவில்ல. செலவெல்லாம் இந்தச் சந்துதான் பண்ணுது. உங்க வீட்டுக்காரர் பண்ணாரு."

கூட்டத்தில் வந்து பொன்னுதுரை எதனால் செத்தார் என்று சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது மறுபடி தும்மினார்.

இரண்டு நாள் கழித்துச் செட்டியாரே வந்தார். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. பொன்னுதுரையின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

"வெள்ளைக்காரன் இத்தனை வருசம் இருந்தான், புகைக்கு வரி கேக்கலை. நம்மவங்க வந்தாங்க, மொத வேலையா மூச்சு விடுறதுக்கு வரி போடுறாங்க. கேட்டியா ஆத்தா?"

"கேட்டேங்கய்யா."

"வரி வந்தா எனக்கு இங்க கட்டுப்படியாகாது. புக்கிட் பாருவுக்கு அந்தாண்ட கொண்டு போயிருவேன். அங்க அங்கத்து ஆளுகளுக்குத்தான் வேலை. இந்தச் சந்துல எத்தனை அடுப்பு எரியாதுன்னு நீயே எண்ணிப் பாரு. பொன்னுதுரை காய்ச்சல்லதானே போனான்? அதைத்தான் நீ வந்து சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தி, சந்தின் கோடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் இருமுனான்னா கதவு தொறக்குற நேரம்னு அர்த்தம். நான் கடியாரம் பாக்குறதே இல்லை. இப்பவும் சில நாளு சாயங்காலத்துல கேக்குற மாதிரியே இருக்கு."

பூங்காவனம் திரும்பிப் பின்னறைப் பலகையைப் பார்த்தாள். இவருக்கும் கேட்கிறதா? அப்படியென்றால் தன் காதுக்குக் கிறுக்கு இல்லை.

அன்று சாயங்காலம் அவள் முடிவு செய்துவிட்டாள். செட்டியார் பக்கம்தான் பேச வேண்டும். கூலிக்காக என்று சந்து நினைத்துக்கொள்ளும். தியாகுவின் வேலைக்காக என்று அவன் நினைத்துக்கொள்வான். உண்மை அவளுக்கு மட்டும்தான் தெரியும். புகைக்கூடம் போனால் புகை போகும். புகை போனால் அவர் எதன் வழியாக வருவார்? புக்கிட் பாருவிலிருந்து அவருக்கு இந்த வீட்டுக்கு வழி தெரியாது. ஒருமுறை பறிகொடுத்தது போதும், இரண்டாம் முறை அவளால் முடியாது.

ஆனாலும் சொல்லப் போவது பொய். காய்ச்சல் என்று எப்படிச் சொல்வது? கடைசி வாரத்தில் அவர் கரியாகத் துப்பிய துணிகளை அலசிய கை இது. அவரிடமே கேட்டுவிட்டால் என்ன?

பக்கத்து வீட்டு சிவகாமி பீபியின் நினைவு வந்தது. பீபி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட மலாக்கா செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். முத்துமாரியம்மனுக்குத் தீ மிதித்தவர். ஆனால் தமிழில் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தெரியாது. போகிப் பண்டிகையன்று அவர் வீட்டில் செத்துப்போன முன்னோர்களுக்குப் படையல் போடுவார்கள். அதற்குப் பார்ச்சு என்று பெயர். நம்முடைய 'படைச்சு'தான் பல்லுப் போன வாயில் பார்ச்சு ஆகிவிட்டது என்பது பூங்காவனத்தின் முடிவு. வாழை இலையில் எல்லாவற்றையும் வைத்து, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து தின்னும்போது உயிரோடிருப்பவர் எவரும் உள்ளே இருக்கக் கூடாது. பிறகு கதவை மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். தட்டாமல் திறந்தால் வந்தவர்கள் வெட்கப்பட்டு, அப்புறம் வரவே மாட்டார்களாம்.

"என் வீட்டுலயும் வெச்சுக் குடுங்க பீபி" என்று தமிழும் மலாயும் கலந்து கேட்டாள். பீபி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

போகியன்று பீபி தன் வீட்டுப் படையலை உச்சிவேளையிலேயே முடித்துவிட்டு வந்தார். பின்னறையைக் கழுவி, தலைவாழை இலை விரித்தார்கள். பொன்னுதுரைக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய், பீபி வீட்டிலிருந்து வந்த மிளகாய்ச் சம்பால், ஒரு கிளாஸ் காப்பி ஓ. பூங்காவனம் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டாள். நான் காய்ச்சல்னு சொல்லட்டுமா, வேண்டாமா? சொல்லச் சம்மதம்னா சோத்துல கை வைங்க. பீபி சாம்பிராணியைக் காட்டிவிட்டு, அவளை எழுப்பி வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்.

இருவரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். பாங்கு கேட்டது. சந்தில் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. பூங்காவனம் எழுந்து தன் ஜன்னலைத் திறந்தாள். புகை வந்தது. பீபி சாரோங் முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பலகைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. இலை சரசரத்தது. பிறகு இருமல்.

பீபியின் கை பூங்காவனத்தின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. "சுடா டாத்தாங்" என்றார் மூச்சுக்குள். வந்துவிட்டார். முன்னோர் வந்து தின்கிறார்கள் என்று வாழ்நாள் முழுக்கக் கதவுக்கு வெளியே காத்திருந்தவர் பீபி. ஒரு சத்தமும் இதுவரை கேட்டதில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

மறுபடி இரண்டு சின்ன இருமல், ஒரு நீளமான இருமல். ஆனால் நீளமானது இந்த முறை நிற்கவில்லை. இழுத்து இழுத்து, ஓங்கரித்து, அடங்க முடியாமல் தவித்தது. செத்தவருக்கு இன்னுமா இத்தனை வேதனை? பூங்காவனத்தால் தாங்க முடியவில்லை. எழுந்தாள். "ஜாங்ஙான் புக்கா!" திறக்காதே என்று பீபி பதறினார். தட்டக்கூட மறந்து அவள் கதவைத் தள்ளினாள்.

தியாகு உட்கார்ந்திருந்தான். முகம், கழுத்து, பனியன் எல்லாம் கரி. இலையில் பாதி காலியாகியிருந்தது. வலது கை சோற்றில் இருந்தது. இடது கையால் பழைய போர்வையை வாயில் அழுத்திக்கொண்டு, குனிந்து, இருமிக்கொண்டிருந்தான். இருமல் அடங்கியதும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

"கருவாட்டுக் குழம்பு ரொம்ப நாளாச்சும்மா."

பூங்காவனம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயா?" என்றாள். "தெனமுமா?"

"கதவு தொறந்ததும் கொஞ்ச நேரம் வெளிய விடுவாங்கல்ல? அங்க இருமுனா செட்டியாரய்யா காதுல விழும். அப்பாவுக்கப்பறம் இருமுறவன புகைக்கூடத்துல வெச்சுக்க மாட்டாங்க. அதான் கொல்லை வழியா இங்க வந்து..." அவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். தெனம் காப்பி வெக்கிறியேம்மா. சீனிகூட தூக்கலா போட்டு."

 எத்தனை மாதம் ஜன்னலைத் திறந்துவைத்து இதைக் கேட்டிருக்கிறாள்! மகன் நெஞ்சு கிழிகிற சத்தத்தைப் புருஷன் வந்த சத்தம் என்று சந்தோஷப்பட்டு, இன்னும் கொஞ்சம் இருமட்டும் என்று காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். பொன்னுதுரை வரவில்லை. ஒருநாளும் வரவில்லை. இப்போதுதான் அவர் நிஜமாகச் செத்தார் என்று தோன்றியது. அதற்காக அழக்கூட நேரமில்லை. மகனுடைய கை இன்னும் செத்தவருக்குப் படைத்த இலையில் இருந்தது.

பீபி அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். உயிரோடிருக்கும் பிள்ளை, கதவைத் தட்டுமுன் படையலைத் தின்றுவிட்டான். அவர் ஓடிவந்து இலையை மடித்தார். பிறகு சாம்பிராணிக் கரண்டியை எடுத்துத் தியாகுவின் தலையைச் சுற்றினார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி. அந்தப் புகைக்கும் அவன் இருமினான். பீபி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் கிளாஸில் இருந்த காப்பியை எடுத்து அந்த நெருப்பின்மேல் ஊற்றிவிட்டார்.

நகரசபைக் கூட்டம் பொங்கல் கழிந்து நடந்தது. மண்டபத்தின் கூரையில் காற்றாடிகள் சுற்றின. முன்வரிசையில் செட்டியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் குடையை வைத்திருந்தார். அவருடைய ஆட்கள் எல்லோரையும் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லிப் பின்சுவர் ஓரமாக நிறுத்தியிருந்தார். தியாகுவும் அதில் இருந்தான். ராஜரத்தினம் லண்டனில் ஆளைக் கொன்ற புகையைப் பற்றியும், புது நாட்டின் பிள்ளைகள் நல்ல காற்றுக்குப் பிறந்தவர்கள் என்றும் பேசினார். எதிர்த்துப் பேசியவர், வரி போட்டால் புகை ஊரைவிட்டுப் போகும், கூடவே சோறும் போகும் என்றார். இரண்டுக்கும் கைதட்டினார்கள். பூங்காவனத்துக்கு இரண்டும் சரியாகவே பட்டது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்போது, தப்பு முழுக்க வந்து தன் வீட்டுப் பின்னறையில் எப்படிக் குடியேறியது?

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றாள். தலைவர் கேட்டதை ஒரு குமாஸ்தா தமிழில் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் எதனால எறந்து போனாரு? சொல்லுங்கம்மா, பயப்படாதீங்க."

செட்டியார் அவளைப் பார்த்தார். வாத்தியார் பார்த்தார். காய்ச்சல் என்றால் மகன் திரும்பவும் அந்தக் கூடத்துக்குள் போவான். புகை என்றால் நாளைக்கே வேலையில்லாமல் நிற்பான். அவள் இருவரையும் பார்க்கவில்லை. திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். தியாகு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் நீர் முட்டியது. எவ்வளவு நேரமாக அடக்கிக்கொண்டிருக்கிறானோ.

"அடக்காதடா" என்றாள் பூங்காவனம். குரல் உடைந்தாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. "தியாகு, அடக்காத. இருமு."

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். தலையாட்டியபோதே அது பீறிட்டுக்கொண்டு வந்தது. இரண்டு சின்ன இருமல். பிறகு பெட்டியை இழுப்பது போல அந்த நீளமான ஒன்று.

 காற்றாடிகள் மட்டும் சுற்றின. செட்டியார் பின்னால் திரும்பவில்லை. கதவு திறக்கிற நேரம் வந்துவிட்டதா என்று தலையை மெல்ல உயர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த குடையை எடுத்து, யாரோ வந்து உட்கார இடம் விடுவது போல, தன் மடியில் வைத்துக்கொண்டார்.